ஊருக்கு ஒரு பீர்: எங்கே தொடங்குவது, எப்படிக் குடிப்பது

கேள்வி இதுதான்: "இதுவரை குடித்த பீர் எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் கசப்பு, நிறைய வாயு, ஜில்லென்று இருந்தால் தொண்டையில் இறங்கும். உலகத்தில் எத்தனையோ வகை பீர் இருக்கிறது என்கிறார்களே, உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? தெரியுமென்றால் எங்கே தொடங்குவது?"

தெரியும், நன்றாகவே தெரியும். உங்கள் நாக்கில் எந்தக் குறையும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை ஒரே வகை: வெளிறிய லாகர் (குளிரில் நிதானமாகப் புளிக்கவைக்கும் பீர்), அதிலும் 'ஸ்ட்ராங்' என்று எழுதியது. பத்து பிராண்டை மாற்றி மாற்றிக் குடித்தாலும் பொன்னி அரிசியைப் பத்துக் கடையில் வாங்கிச் சமைத்த மாதிரிதான் இருக்கும். சீரகச்சம்பாவும் கருப்புக் கவுனியும் இருப்பது எப்படித் தெரியவரும்?

வேலைக்காகச் சில வருடங்கள் ஜெர்மனியில் இருந்தேன். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஏதாவது ஒரு ஊரின் பீரைத் தேடிப் போவேன். அப்போது பிடிபட்டது ஒன்றுதான். பீர் வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த ஊரின் தண்ணீர் எப்படி, என்ன தானியம் விளைகிறது, குளிர் எவ்வளவு, ராஜா என்ன சட்டம் போட்டார் என்று கேட்டால் போதும். ருசிக்கான காரணம் அந்தப் பதில்களில் இருக்கும்.

கிளாசுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தண்ணீர், முளைகட்டிய தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட், அவ்வளவுதான். குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைப்போமே, அதே வேலையைப் பார்லியில் செய்தால் அதுதான் மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளைகட்டிய மாவில் வைத்த கஞ்சி லேசாகத் தித்திப்பது அதனால்தான். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பச்சைப் பூங்கொத்து. கசப்பும் வாசனையும் அது தருபவை. பீர் சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுதான்.

நிறம் மால்ட்டின் வறுவலில் இருந்து வருகிறது. இளஞ்சூட்டில் உலர்த்தினால் பொன்னிறம், கருக வறுத்தால் கருப்பு. கருப்பு பீர் என்றால் போதை அதிகம் என்று நம்மவர்கள் நினைப்பது தவறு. பீப்பாயிலிருந்து ஊற்றும் கின்னஸ் என்ற கருப்பு பீரில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் ஊர்ப் பொன்னிற ஸ்ட்ராங் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகும்.

ஈஸ்டில் இரண்டு பெரிய குடும்பங்கள். 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் சில நாட்களில் வேலையை முடிப்பது ஏல். இதில் பழ வாசனை, மசாலா வாசனை வரும். 7 முதல் 13 டிகிரி குளிரில் நிதானமாகப் புளித்து, பிறகு வாரக்கணக்கில் இன்னும் குளிரான இடத்தில் கிடப்பது லாகர். 'லாகர்ன்' என்றால் ஜெர்மனில் சேமித்து வைப்பது என்று பொருள். லாகர் தெளிவாக, சுத்தமாக இருக்கும். மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் பேசும், ஈஸ்ட் பேசாது.

நீங்கள் பில்ஸ்னரில் தொடங்குங்கள். ஏற்கெனவே நீங்கள் குடித்துக்கொண்டிருப்பது அதன் தூரத்துச் சொந்தம். அசலைக் குடித்தால்தான் நகலில் எது இல்லை என்று புரியும். இன்றைய செக் குடியரசில் இருக்கிற பில்சன் நகரத்தில் 1838-இல் பீர் அவ்வளவு மோசமாகிப் போனதால், 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் வாசலில் கொட்டிவிட்டார்கள். அப்புறம் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த நகரவாசிகள் ஒன்றுசேர்ந்து புது ஆலை கட்டி, ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்ற காய்ச்சும் நிபுணரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் அங்கே முதல் முறையாகக் காய்ச்சினார். குளிரில் வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட், இங்கிலாந்து முறைப்படி இளஞ்சூட்டில் உலர்த்திய வெளிறிய மால்ட், பக்கத்து ஜாடெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ், இவை மூன்றும் பில்சனின் தண்ணீரில் சேர்ந்தன. உப்புச்சத்து மிகக் குறைந்த, அவ்வளவு மென்மையான தண்ணீர் அது. கடினமான தண்ணீரில் இத்தனை ஹாப்ஸ் போட்டால் கசப்பு நாக்கை அறுக்கும். இதில் வழுக்கிக்கொண்டு இறங்கி, கடைசியில் வேப்பம்பூ ரசம் மாதிரி ஒரு நல்ல கசப்பை மட்டும் விட்டுப்போகும். அதுவரை அந்தப் பக்கத்துப் பீர் பெரும்பாலும் பழுப்பு நிறம்தான். தெளிந்த பொன்னிறத்தில் இது வந்ததும் உலகமே நகலெடுக்க ஆரம்பித்தது. ஜாடெட்ஸின் ஹாப்ஸ் தோட்டங்களும் கிடங்குகளும் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

பில்சனில் எனக்குப் பாடமாக அமைந்தது நுரை. நம் ஊரில் கிளாசில் நுரை அதிகம் இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவோம். அங்கே ஊற்றுகிறவர் குழாயின் மூக்கைக் கிளாசின் அடியில் வைத்து, முதலில் ஈரமான நுரையை நிரப்பி, அதற்கு அடியில் பீரை விடுகிறார். பீர் ஏற ஏற நுரை மேலே மிதந்து வருகிறது. மூன்று விரல்கிடை நுரை இருந்தால்தான் சரியான கிளாஸ். காற்று பட்டால் பீர் சுவை மாறும் என்பதால் நுரைதான் அதற்கு மூடி. முழுக்க முழுக்க நுரையாகவே ஒரு கிளாஸ் கேட்கவும் முடியும். அதன் பெயர் 'ம்லீகோ', அதாவது பால். வாயில் வைத்தால் இனிப்பும் ஹாப்ஸ் வாசமும் கலந்த பாலாடை மாதிரி கரையும். டிகிரி காபியை ஆற்றி ஊற்றும்போது நுரைக்கு நாம் கொடுக்கிற மரியாதையை நினைத்துப் பாருங்கள், அதேதான்.

அடுத்தது கோதுமை பீர். இதற்குப் பவேரியா. 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் ஒரு சட்டம் வந்தது: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் சேர்க்கக் கூடாது. ஈஸ்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, அது ஓர் உயிர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது சட்டத்துக்குச் சொல்லப்படும் ஒரு காரணம். ஆனால் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் காய்ச்சும் விசேஷ உரிமை இருந்தது. 1602-இல் அந்த உரிமை அரசர் குடும்பத்துக்கே வந்து சேர, அதன் வருமானம் கஜானாவுக்குப் போனது. அந்த ஏகபோகத்தால் பிழைத்த பீர்தான் இன்றைக்கு ஹெஃபவைட்சன்.

அதை முதலில் முகர்ந்து பாருங்கள். வாழைப்பழம், கிராம்பு, இரண்டும் தெளிவாக வரும். உள்ளே ஒரு துண்டு வாழைப்பழமும் இல்லை, ஒரு கிராம்பும் இல்லை. பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே பொருளை அந்த ஈஸ்ட் தானே உண்டாக்குகிறது. கிராம்பு மணமும் அதன் கைவேலைதான். ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நெட்டையான கிளாசை ஈரமாக்கிச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசியை மெதுவாக ஊற்ற வேண்டும். மிச்சத்தைப் பாட்டிலோடு சுழற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கும், அதையும் மேலே ஊற்ற வேண்டும். கலங்கலாக இருக்கிறதே, கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கசப்பு பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். பெங்களூரில் மைக்ரோப்ரூவரி பக்கம் போனால் இதன் ஏதாவது ஒரு வடிவம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரிலும் ஒரு கோதுமை பீர் உண்டு. அதில் கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். ஊரில் இருந்த ஆலைகள் எல்லாம் மூடி அந்தப் பீரே இல்லாமல் போனபோது, பால் விநியோகம் செய்துகொண்டிருந்த பியர் செலிஸ் என்பவர் 1966-இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். அவர் இல்லையென்றால் அந்த ருசி போயிருக்கும்.

தண்ணீர் என்ன செய்யும் என்று பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பர்ட்டன் ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும், பீரை வறட்சியாக முடித்து வைக்கும். லண்டனிலும் அயர்லாந்தின் டப்ளினிலும் கார்பனேட் அதிகமான நீர். அதில் வெளிறிய பீர் சரியாக வராது. ஆனால் கருக வறுத்த மால்ட்டின் புளிப்பு அந்த நீரின் காரத்தன்மையைச் சமன் செய்துவிடும். அதனால் லண்டனுக்குப் போர்ட்டர், டப்ளினுக்கு ஸ்டவுட். லண்டனின் சுமைதூக்கும் தொழிலாளிகள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர் போர்ட்டர். அதிலேயே திடமானதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள், பிறகு ஸ்டவுட் மட்டும் நின்றது. டேனியல் வீலர் 1817-இல் காப்புரிமை வாங்கிய சுழலும் உருளை வறுவான் வந்த பிறகு மால்ட்டை எரித்துச் சாம்பலாக்காமல் சீராகக் கருக்க முடிந்தது. காபிக்கொட்டை வறுக்கும் உருளையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். ஸ்டவுட்டில் காபி வாசம் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ, நம்மோடு நேரடித் தொடர்புள்ளது. லண்டனில் போ (Bow) என்ற ஆலையை நடத்திய ஹாட்ஜ்சன் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கேப்டன்களுக்குக் கடனில் பீர் கொடுத்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் குலுங்கி அந்தப் பீப்பாய்கள் மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தன. 1820-களில் பர்ட்டனின் ஆல்சாப் அந்தச் சந்தையில் இறங்கினார். தன் ஊர்த் தண்ணீரால் இன்னும் நன்றாகக் காய்ச்சினார். பயணத்தில் கெடாமல் இருக்க ஒருவர் உட்கார்ந்து ஐபிஏ-வைக் கண்டுபிடித்தார் என்று சொல்லும் கதையை நம்ப வேண்டாம். ஹாப்ஸ் கூட்டிக் காய்ச்சிய வெளிறிய ஏல் ஏற்கெனவே இருந்தது. போர்ட்டரும் அதே கப்பலில் நன்றாகவே வந்து சேர்ந்தது, சிப்பாய்கள் அதிகம் குடித்தது அதைத்தான். பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்குப் போனது.

பக்கத்திலேயே இன்னொன்று. இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். நுவரெலியா மலையில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காலத்தில் தொடங்கிய காய்ச்சும் மரபின் வாரிசு, இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் தயாராகிறது. கருப்பட்டிப் பாகு, சாக்லேட், கொஞ்சம் கருகின காபி. பீரை வகை பிரித்துப் பேசும் பழக்கத்தைப் பரவலாக்கிய ஆங்கிலேய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் வேறு) இதைத் தேடிப் போய்க் குடித்துப் பாராட்டினார். உலகத் தரமான ஸ்டவுட்டுக்கு டப்ளின் வரை போக வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரத்திலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் காய்ச்சுவது. இதற்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. ஆன்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை அருங்காட்சியகமாகவும் நடக்கிறது, டிக்கெட் வாங்கினால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். மரப்படி ஏறிக் கூரைக்கு அடியில் போனேன். அங்கே ஆழமே இல்லாத, அகலமான ஒரு செம்புத் தொட்டி, கல்யாண வீட்டில் பந்திச் சோற்றைக் கொட்டி ஆறவைக்கும் பாத்திரத்தைப் பிரமாண்டமாக்கின மாதிரி. கொதித்த இனிப்பு நீரை இரவில் இதில் விடுகிறார்கள். கூரையின் இடுக்குகள் வழியே குளிர்காற்று வருகிறது, அந்தக் காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் விழுகின்றன. காலையில் அது மரப் பீப்பாய்க்குப் போய் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடக்கிறது. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் அதிகம் என்பதால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை. பழத்தைத் தேடி வரும் பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். இளசையும் முதிர்ந்ததையும் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி புளிக்கவிட்டால் கூஸ். புளிப்புச் செர்ரிகளைப் பீப்பாயில் போட்டு ஊறவிட்டால் க்ரீக்.

முதல் மடக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இது என்ன, பீரா என்று தோன்றியது. பல்கூசும் புளிப்பு, தொழுவத்து வைக்கோல் வாசம், வாயு கொஞ்சம், இனிப்பு சுத்தமாக இல்லை. கிளாசை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி எடுத்தேன். அப்போதுதான் மனதில் பொறி தட்டியது. மண்பானையில் ராத்திரி முழுக்க ஊறின பழைய சோற்றின் நீராகாரம் இது. அதே லாக்டிக் புளிப்பு. இட்லி மாவுக்கு யாராவது ஈஸ்ட் போடுகிறார்களா? பனங்கள்ளுக்கு? பாலக்காட்டுப் பக்கம் கள்ளுக்கடையில் காலையில் தித்தித்த கள் சாயங்காலம் புளித்துப் பொங்குவது, கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்டால்தானே. மற்ற எந்தப் பீரையும்விட லாம்பிக் நம் நாக்குக்குப் பழகினது. அதைப் பீர் என்று நினைத்துக் குடித்ததுதான் நான் செய்த தப்பு.

புளிப்பில் இன்னொன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கோஸ. உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட புளிப்புக் கோதுமை பீர். உப்புப் போட்ட நீர்மோரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. பாம்பெர்க் நகரத்து ரவுக்பியருக்கு மால்ட்டை பீச் (beech, பீச் பழ மரம் அல்ல) மர விறகுப் புகையில் காயவைக்கிறார்கள், கிளாசைத் தூக்கியதும் புகையிட்ட இறைச்சி வாசம் அடிக்கும். முதல் கிளாஸ் எல்லாருக்கும் கஷ்டம்தான்.

அமெரிக்காவின் கதை வேறு. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு, அதற்குப் பின் சில பெரிய ஆலைகளின் நீர்த்த லாகர்தான் மிச்சம். 1972-இல் கேஸ்கேட் என்ற புது ஹாப்ஸ் ரகம் வெளியானது, 1978-இல் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் சட்டம் கையெழுத்தானது. சமையலறையில் காய்ச்சிப் பழகியவர்கள் ஆலை வைத்தார்கள். கேஸ்கேடில் பம்பளிமாஸ் வாசனை வரும். பின்னால் வந்த சிட்ராவில் மாம்பழமும் லிச்சியும். இன்றைக்கு ஐபிஏ என்று உலகம் முழுக்க விற்பது பர்ட்டனின் ருசியைவிட இந்த ஹாப்ஸின் ருசியைத்தான்.

ஐரோப்பாவோடு நின்றுவிடாதீர்கள். சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் தோங்பா என்று ஒன்று உண்டு. வேகவைத்த கேழ்வரகில் மர்ச்சா என்ற நொதிக்கட்டியைக் கலந்து புளிக்கவைக்கிறார்கள். அந்தத் தானியத்தை மூங்கில் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் விட்டு, மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். தீர்ந்தால் மறுபடி வெந்நீர். நம் களிக் கேழ்வரகில் சூடான பீர்!

நம்மிடமே இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் மீனவர் குடியிருப்பில் மது காய்ச்சும் காட்சி ஒன்று வருகிறது. அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, 'நல்லடை' என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முதிரவைத்து வடிக்கிறார்கள். நல்லடை என்பதற்கு இடித்த நெல்முளை என்று பொருள் கொள்கிறார்கள். நெல்லில் செய்த மால்ட். தானியம், முளை, நொதிப்பு என்று பீருக்கு வேண்டிய எல்லாம் அந்தச் சில வரிகளில் இருக்கிறது. அதைச் சுட்ட மீனோடு விருந்தாகக் கொடுத்தார்கள்.

சரி, குடிக்கும் முறை. பாட்டிலோடு குடிக்காதீர்கள், கிளாசில் ஊற்றுங்கள். ருசியில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் தெரியும், பாட்டிலின் வாயில் மூக்குக்கு இடம் கிடையாது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும். பில்ஸ்னருக்கு 7 டிகிரி போதும், கனமான ஸ்டவுட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷமாவது வெளியே வையுங்கள். முகர்ந்து, ஒரு மடக்கு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு மடக்கு. நாலு பேராக இரண்டு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு அரை கிளாஸ் குடித்தால் ருசி தெரியும், அடுத்த நாளும் நன்றாக இருக்கும். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள், தலைகீழாகப் போனால் பில்ஸ்னர் தண்ணீராகத் தோன்றும்.

வாங்கும்போது வெயில் பட்ட பாட்டிலைத் தொடாதீர்கள். ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் விழும் இடத்தில் இருந்த பச்சைப் பாட்டில் பில்ஸ்னரை ஆசையாக வாங்கி வந்து திறந்தேன். அழுகின பூண்டும் எரிந்த ரப்பரும் சேர்ந்த நாற்றம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக வாடையாக மாறும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும், கேன் முழுக்கக் காக்கும். கேன் மட்டம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். ஐபிஏ-வும் பில்ஸ்னரும் புதிதாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டோடு என்றால், மட்டன் சுக்காவுக்கு ஸ்டவுட், வஞ்சிரம் வறுவலுக்கு ஹூகார்டன் வகைக் கோதுமை பீர், மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் ஐபிஏ வேண்டாம், கசப்பு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். வாரத்துக்கு ஒன்றாக ஒரு பில்ஸ்னர், ஒரு ஹெஃபவைட்சன், ஒரு ஸ்டவுட் என்று மூன்றை முடியுங்கள். கூஸ் பாட்டில் எங்காவது கிடைத்தால் வாங்கி இருட்டில் நிற்கவைத்துவிடுங்கள், வருடக்கணக்கில் கெடாது. மற்ற மூன்றும் நாக்குக்குப் பழகின பிறகு, சுட்ட மீன் இருக்கிற ஒரு சாயங்காலம் அதைத் திறங்கள்.